இரண்டு நிமிடம் பிந்தி வரும் ஆட்டம்

(சுவா சூ காங்கில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2007 மார்ச் 6ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் 11.49 மணி. மேற்குச் சுமத்ராவில் சிங்காராக் ஏரிப் பக்கம் 6.4 அளவில் நிலம் குலுங்கியது. இரண்டு மணி நேரம் கழித்து அதே இடத்தில் 6.3 அளவில் இன்னொரு குலுக்கல். அங்கே எழுபது பேர் அளவில் மாண்டார்கள். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சிங்கப்பூரில் யாருக்கும் காயமில்லை. ஆனால் நகர மையத்து அலுவலகங்களிலிருந்து ஊழியர்கள் படி வழியே இறங்கி வந்து நடைபாதைகளில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். மேலே போகலாமா வேண்டாமா என்று சொல்ல ஆளில்லாமல் பலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய பேச்செல்லாம் ஒரே கேள்விதான்: “உனக்கு ஆடுச்சா?” பதினைந்தாவது மாடியில் இருந்தவருக்குத் தலை சுற்றியது. கீழே காப்பிக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தவருக்கு எதுவுமே தெரியவில்லை. ஒரே புளோக், ஒரே நேரம். மேல்மாடிக்காரர் பொய் சொல்லவில்லை, கீழே இருந்தவர் கவனக்குறைவாகவும் இல்லை. இருவர் சொல்வதும் உண்மை என்பதில்தான் இன்றைய பேச்சே தொடங்குகிறது.

சிங்கப்பூருக்கு அடியில் நிலநடுக்கம் பிறப்பதில்லை. மேற்கே இரண்டு இடங்களில் பிறக்கிறது. ஒன்று, சுமத்ராத் தீவை நீளவாக்கில் பிளந்துகொண்டு போகும் சுமத்ராப் பிளவு. சிங்கப்பூரிலிருந்து அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இன்னொன்று, அதற்கும் அப்பால், இந்தியப் பெருங்கடலின் தரைப்பாறை சுமத்ராவுக்கு அடியில் சொருகிக்கொண்டு போகும் நீண்ட விளிம்பு. அது 600, 700 கிலோமீட்டர் தள்ளி. அங்கே பாறை வழுக்கினால் வலுவான அலைகள் இங்கே வந்து சேர இரண்டு நிமிடம், இரண்டரை நிமிடம் பிடிக்கும்.

வழியில் அலை சலித்தெடுக்கப்படுகிறது. படபடவென்று உலுக்கும் வேக அலைகள் பாறையிலேயே கரைந்துவிடும். நிதானமாக, ஒரு நொடிக்கு ஒன்று, இரண்டு நொடிக்கு ஒன்று என அசையும் மெதுவான அலைகள்தான் தொலைதூரம் தாங்கி வருகின்றன. பக்கத்தில் நடக்கும் நிலநடுக்கம் ஓட்டு வீட்டையும் மண் சுவரையும் தேடித் தேடி இடிக்கும். தூரத்து நிலநடுக்கம் அந்தச் சின்ன வீட்டைச் சீண்டாமல், உயரமான கட்டடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும்.

ஏன் உயரத்தை? ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட நேரம் உண்டு. மாடி ஒன்றுக்குப் பத்தில் ஒரு நொடி என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. பன்னிரண்டு மாடி என்றால் ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூட, இருபத்தைந்து மாடி என்றால் இரண்டரை நொடி. வருகிற அலையும் அதே தாளத்தில் வந்தால், சரியான நேரம் பார்த்துத் தள்ளப்படும் ஊஞ்சல் மாதிரி ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். லிட்டில் இந்தியாவில் பஃபலோ சாலையில் நின்று பார்த்தால் இது எளிதாக விளங்கும். ஒரு பக்கம் இரண்டு மாடிக் கடைவீடுகள். அண்ணாந்து பார்த்தால் தேக்கா சந்தையை ஒட்டி எழும்பிய வீவக அடுக்குமாடிகள். சுமத்ராவிலிருந்து வரும் மெதுவான அலை கடைவீட்டை எட்டிப் பார்ப்பதோடு சரி. பக்கத்து அடுக்குமாடியின் மேல்தளத்தில்தான் கூரையில் மாட்டிய விளக்கு ஆடும், வாளித் தண்ணீர் தளும்பும்.

உயரத்தோடு மண்ணும் சேர வேண்டும். தீவின் நடுவே புக்கித் தீமா கருங்கல். மேற்கே ஜூரோங் பகுதியின் பழைய படிவப் பாறை. தென்கிழக்குக் கடலோரம், கல்லாங், ரோச்சோர் ஆற்றுப் படுகைகள், கடலைத் தூர்த்து எடுத்த நிலம் ஆகிய இடங்களில் கடற்களிமண். இந்தக் களிமண்தான் மெதுவான அலையைப் பெரிதாக்கி மேலே அனுப்புகிறது. சுவா சூ காங் வட்டாரத்தின் பெரும்பகுதி களிமண் கரை மேல் இல்லை. புக்கித் கொம்பாக் பக்கம் பழைய கல்லுடைப்புக் குழியில் தேங்கிய குளத்தைப் பார்த்தவர்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆகவே சித்தப்பா மரின் பரேட்டிலும் நீங்கள் இயூ டீயிலும் இருந்தால், ஒரே மாடி உயரத்தில் அவருக்கு ஆட்டம் அதிகமாகத் தெரிவதற்கு வாய்ப்பு உண்டு. அதற்காக இங்கே ஆடாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2005 மார்ச் 29, நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்தில் நியாஸ் தீவில் 8.6; 2007 செப்டம்பர் 12 மாலை பெங்குலுவில் 8.4, 2009 செப்டம்பர் 30 மாலை பாடாங்கில் 7.6, 2022 பிப்ரவரி 25 காலை மேற்குச் சுமத்ராவில் 6.2, 2023 ஏப்ரல் 25 விடியுமுன் நான்கு மணிக்கு மெந்தாவாய்த் தீவுகளில் ஏறக்குறைய ஏழு அளவில் ஒன்று. இவை நடந்த போதெல்லாம் தீவின் உயர்மாடிகள் பலவற்றில் உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

தூரம் பாதுகாப்பு தருமா என்ற கேள்விக்கு மெக்சிகோ நகரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1985 செப்டம்பர் 19, பசிபிக் கடலோரத்தில் 8.0. நகரமோ 350 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் அது வற்றிய ஏரியின் களிமண் மேல் கட்டிய நகரம். இரண்டு நொடிக்கு ஒருமுறை என்று களிமண் ஆடியது, ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள் அந்தத் தாளத்தில் மாட்டின. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து, 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மியன்மாரின் சகாயிங் பிளவில் 7.7. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் பாங்காக்கில் உச்சிமாடி நீச்சல் குளங்களிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியதை எல்லாரும் காணொளியில் பார்த்தோம். தாய்லாந்தின் அரசுத் தணிக்கை அலுவலகத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கும் மேற்பட்ட கட்டடம் சில நொடியில் தரைமட்டமானது. உள்ளே இருந்தவர்கள் கட்டுமான ஊழியர்கள். ஆனால் பாங்காக்கின் மற்ற உயரமான கட்டடங்கள், விரிசல் விட்டாலும், நின்றன. அத்தனைக்கும் அடியில் அதே களிமண், வந்ததும் அதே அலை. விழுந்தது ஒன்றுதான். பிறகு வடிவமைப்பு, கம்பி, சிமெண்டு, குத்தகை என்று விசாரணை எங்கெல்லாம் போனதோ, கேள்வி உண்மையில் அங்கேதான் இருந்தது.

இதே பாடத்தைச் சிராங்கூன் சாலை நிலம் அசையாமலே படித்திருக்கிறது. ஓவன் சாலை முனையில் லியன் யாக் கட்டடம். மக்கள் வாயில் ஹோட்டல் நியூ வேர்ல்டு. 1986 மார்ச் 15, சனிக்கிழமை காலை பதினொன்றரை மணி வாக்கில், ஆறு மாடியும் ஒரு நிமிடத்துக்குள் குவியலானது. 33 பேர் இறந்தார்கள்; 17 பேரை உயிரோடு மீட்டார்கள். எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஓடி வந்து இடிபாட்டுக்கு அடியில் குடைந்து வழி செய்தார்கள். விசாரணையில் வெளிவந்த காரணம் இன்று கேட்டாலும் நம்ப முடியாதது. கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் வடிவமைத்திருந்தார்கள். ஆட்கள், மேசை நாற்காலி எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. கான்கிரீட்டின் கனத்துக்கு மட்டும் இல்லை. பதினைந்து ஆண்டு தாங்கி நின்றதுதான் அதிசயம்.

தேக்காவுக்குப் போகிற வழியில் அந்த முனையைக் கடக்கும் இளையவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சிங்கப்பூரின் கட்டடச் சட்டத்தில் பாதி அங்கிருந்துதான் வந்தது என்றால் மிகையில்லை. 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அவரோடு சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். குடியிருப்புக் கட்டடம் என்றால் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு. குடிமைத் தற்காப்புப் படையின் சிறப்பு மீட்புக் குழுவும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகே உருவானது. அந்தப் படையின் லயன்ஹார்ட் குழு அண்டை நாடுகளில் இடிபாடு தோண்டப் போகிறது. 2025இல் மியன்மாருக்கு 80 பேரும் மோப்ப நாய்களும் போனார்கள். கூடவே, முதுகில் சிறு மின்னணுப் பெட்டி கட்டிய கரப்பான் பூச்சிகள் பத்து. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யோசனை அது. வீட்டில் செருப்பால் அடிக்கும் பிராணியை விமானத்தில் ஏற்றி மீட்புக்கு அனுப்பியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

நிலநடுக்கத்துக்கென்று கட்டட விதி வந்தது பிறகு. பழைய கட்டடங்களுக்கு நேரடியாக நிலநடுக்கக் கணக்கு கிடையாது. ஆனால் ஒவ்வொரு தளமும் தன் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கைப் பக்கவாட்டு விசையாகத் தாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. கேட்க அற்பமாக இருக்கும். இதுவரை வந்த அலைகளுக்கு அது போதுமானதாகவே இருந்திருக்கிறது. 2015 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய விதிமுறை நடப்புக்கு வந்தபின், மென்மண்ணில் 20 மீட்டருக்கு மேல் எழும்பும் புதுக் கட்டடங்களுக்கு நிலநடுக்கக் கணக்கு கட்டாயம்.

அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லையா? இங்கே நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

மெந்தாவாய்த் தீவுகளின் கரையோரக் கடலில் தட்டை முதுகுப் பவளப் பாறைகள் இருக்கின்றன. பவளம் தண்ணீருக்கு மேலே வளராது. கடல் வற்றும் மட்டம் எதுவோ அதுதான் அதன் உச்சவரம்பு. தீவு தாழ்ந்தால் பவளம் மேலே ஏறி வளரும். நிலநடுக்கத்தில் தீவு திடீரென்று உயர்ந்தால் உச்சி வெயிலில் காய்ந்து செத்துவிடும். மரத்துக்கு உள்ளது போல ஆண்டு வளையமும் அதில் உண்டு. அறுத்துப் பார்த்தால் எந்த ஆண்டில் தீவு எவ்வளவு எழும்பியது என்று படிக்கலாம். கெர்ரி சீ என்ற அமெரிக்கப் புவியியலாளர் இந்தோனீசிய ஆய்வாளர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் இந்தப் பவளத்தை அறுத்துப் படித்தார். 1797, 1833 ஆண்டுகளின் பெரு நடுக்கங்களும் அவற்றுக்கு முந்தியவையும் அதில் பதிவாகியிருந்தன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை, ஒன்றன்பின் ஒன்றாகக் கொத்தாக வருகின்றன. 2007இல் பெங்குலுவில் நடந்தது புதிய கொத்தின் தொடக்கம். மிச்சம் அடுத்த சில பத்தாண்டுகளில் வரக்கூடும் என்று 2008இல் அந்தக் குழு எழுதியது. அந்த கெர்ரி சீதான் நன்யாங் பல்கலைக்கழகத்தில் சிங்கப்பூர்ப் புவி ஆய்வகத்தின் முதல் இயக்குநர். சுவா சூ காங்கிலிருந்து அது பஸ்ஸில் போகிற தூரம். புக்கித் தீமா டெய்ரி ஃபார்மில் நிலநடுக்க அளவீட்டு நிலையமும் இருக்கிறது, அதுவும் பக்கத்தில்தான். உலகத் தரமான செய்தியை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, “இங்கெல்லாம் ஒன்னும் வராதுங்க” என்று சொல்கிறவர்கள் நாம்.

மெந்தாவாயில் மிச்சமிருக்கும் அந்த நடுக்கம் வந்தால் பாடாங்குக்குப் பேரழிவு. சிங்கப்பூருக்கு, இதுவரை பார்த்ததைவிட நீண்ட, தலை சுற்றும் ஆட்டம். சுனாமி இங்கே நேராக வராது. சுமத்ராவே குறுக்கே கிடக்கிறது, மலாக்கா நீரிணையும் ஆழமில்லை. 2004இல் பினாங்கில் உயிர்ச்சேதம் நேர்ந்தது, சிங்கப்பூர்க் கரையில் இல்லை.

2004 என்றதும் தமிழர் யாருக்கும் கணக்கு வேறு. டிசம்பர் 26, ஞாயிறு. இந்திய நேரம் காலை 6.29. சிங்கப்பூரில் 8.59. சுமத்ராவின் வடமுனையில் 9.1. சென்னையில் அடுக்குமாடிவாசிகள் கட்டில் ஆடி எழுந்தார்கள். சிலர் கீழே இறங்கினார்கள், அக்கம்பக்கத்தில் பேசினார்கள், மறுபடி மேலே போய்க் காப்பி போட்டார்கள். மெரினாவில் நடைப்பயிற்சியும் கிரிக்கெட்டும் வழக்கம்போல் நடந்தன. கடல் வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் அப்புறம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர், அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேர். இலங்கையில் 30,000க்கும் மேல். நிலம் முதலில் சொல்லிவிட்டது. அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் நடந்தது. குற்றம் சொல்ல முடியாது. வங்கக் கரையில் அப்படியொன்றை யாரும் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அர்த்தம் தெரிந்த ஊர் ஒன்று இருந்தது. நடுக்கத்தின் மையத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் சிமலூ தீவு. 1907இல் அங்கே சுனாமி வந்தது. பெரிய ஆட்டம் வந்து, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் தீவில் 2004இல் இறந்தவர்கள் ஏழு பேர்.

இன்னொரு ஊர், நல்லவாடு. புதுச்சேரி மீனவர் குப்பம். அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடல் பொங்கிய செய்தி காதில் விழுந்ததும் ஊருக்குப் போன் போட்டார். வீட்டுக்குள்ளே தண்ணீர் வருகிறது என்று உடன்பிறந்தவர் சொல்ல, “எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஓடு” என்றார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராம அறிவு மையம் நடத்திவந்தது. அலை உயரம், காற்று நிலவரம் சொல்ல ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். நூற்றைம்பது வீடும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேரும் தப்பித்தார்கள். நடுக்கத்தைப் பற்றிச் சிங்கப்பூர்த் தமிழர் பெருமையோடு சொல்லிக்கொள்ள ஒரு சம்பவம் உண்டென்றால் அது இது. ஓர் எச்சரிக்கைக்கு மூன்று கண்ணி தேவைப்பட்டது: செய்தி கேட்டவர், போனை எடுத்தவர், எப்போதும் பயன்பாட்டில் இருந்த ஒலிபெருக்கி. மூன்றில் ஒன்று இல்லையென்றால் நல்லவாட்டின் கதையே வேறு.

ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல் வந்தது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் அதே கடலில் 8.6 வந்தபோது சென்னையில் அலுவலகங்கள் காலியாயின, மெரினாவிலிருந்து ஆட்களை அப்புறப்படுத்தினார்கள், துறைமுக வேலை நின்றது. பாறை பக்கவாட்டில் நழுவியதால் கடல் பெரிதாக எழும்பவில்லை. மாலைக்குள் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். வீண் அலைச்சல் என்று முனகியவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீண் அலைச்சல் எத்தனை வந்தாலும் தகும்.

இனி நம் புளோக்குக்கு வருவோம். 1998க்குப் பிறகு கட்டிய வீடுகளில் இரும்புக் கதவோடு ஒரு பாம் ஷெல்டர் இருக்கிறது. கியட் ஹோங் பக்கம் எழும்பிய புது பிடிஓ வீடுகளில் அதைத் திறந்தால் என்ன இருக்கும்? பத்துக் கிலோ அரிசி மூட்டை, தீபாவளி வண்ணவிளக்கு, ஊருக்குக் கொண்டு போகிற பெட்டி, உடைந்த காற்றாடி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டிய வீடுகளில் அந்த அறையும் இல்லை. அதே சாமான்கள் கட்டிலுக்கு அடியில். அந்த அறை போருக்காகக் கட்டியது, நடுக்கத்துக்கு அதைத் தேடி ஓட வேண்டியதில்லை. குடிமைத் தற்காப்புப் படை சொல்வது இன்னும் எளிது. ஆடும்போது மேசைக்கு அடியில் போங்கள். கண்ணாடி, அலமாரி ஆகியவற்றை விட்டு விலகுங்கள். மின்தூக்கியைத் தொடாதீர்கள். ஆட்டம் நின்றதும் எரிவாயுக் கசிவு, சுவர் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழர் வீட்டில் இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: சாமி அலமாரி விளக்கு. காலை நேரம் எண்ணெய் விளக்கு எரியும், சமையலறையில் தோசைக்கல் அடுப்பில் இருக்கும். 2022இல் ஆட்டம் வந்தது காலை ஒன்பதரைக்கு மேல், சரியாக அந்த நேரம். இங்கே நடுக்கத்தால் வீடு விழுவதைவிட, பதறி ஓடும் கையில் எண்ணெய் கவிழ்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம். உயரமான உடுப்பு அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை எந்த இரும்புச் சாமான் கடையிலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை துளை போட்டால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார்.

படிக்கட்டு வேறு பிரச்சினை. 2007இல் இறங்கியவர்கள் பெரும்பாலும் அலுவலகத்து இளவட்டங்கள். சுவா சூ காங்கில் பதினான்காவது மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் தாத்தாவை யார் தூக்கி வருவது? ஆட்டம் நின்று, விரிசல் எதுவும் இல்லையென்றால் அவரை இறக்கவே வேண்டாம் என்பதுதான் சரியான பதிலாக இருக்கக்கூடும். ஆனால் அதை அந்த நேரத்தில் படிக்கட்டில் நின்று விவாதிக்க முடியாது. எந்த மாடியில் யார் நடக்க முடியாதவர் என்ற கணக்கு குடியிருப்பாளர் குழுவிடம் இருக்கிறதா என்று நாளைக்கே கேட்கலாம்.

கடைசியாக ஓர் ஆள். உங்கள் வீட்டில் ஜாவாவிலிருந்து வந்த பணிப்பெண் இருந்தால், வீட்டில் நிலநடுக்கம் தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் அவர்தான். 2006 மே 27 விடியற்காலை யோக்யகர்த்தா நிலநடுக்கத்தில் 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பக்கத்துக்காரராக இருந்தால் அவருக்கு அப்போது பத்து வயதோ பதினைந்து வயதோ இருந்திருக்கும். எந்தப் பக்கம் ஓடினார்கள், எந்தச் சுவர் முதலில் விழுந்தது, அன்று இரவு எங்கே படுத்தார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளலாம்.